அடிமைச் சந்தையிலிருந்து அரசாட்சிக்கு: மாலிக் அம்பரும் தக்காணத்து ஹபஷிகளும்

அடிமைகளாக விலைபோனவர்கள் படைத்தலைவர்களாகவும் அமைச்சர்களாகவும் உயர்ந்த செய்தி, தக்காணச் சரித்திரத்தில் ஒரு தனிமனிதரின் பராக்கிரமத்தால் மட்டும் விளைந்ததன்று. ரஸியா பேகம் டில்லியை ஆண்ட 1236 முதல் 1240 வரையிலான சொற்ப காலத்திலேயே ஜமாலுத்தீன் யாகூத் என்னும் ஹபஷி, அதாவது அபிசீனியர், அரண்மனை லாயத்தின் அதிபதியாக இருந்தார். 1487க்குப் பின் சில ஆண்டுகள் வங்காளச் சிங்காதனத்திலேயே ஹபஷிகள் அமர்ந்தனர். அபிசீனியாவிலிருந்து வந்த இவ்வடிமைகளை அரசர்கள் விரும்பி வாங்கியதற்கு அவர்களுடைய தேகபலம் மட்டும் காரணமன்று. குலமும் ஊரும் உற்றாரும் அற்றுப்போன ஒருவன், உள்ளூர்ப் பிரபுக்களின் பூசல்களில் கலவாமல், தன்னை வாங்கிய எஜமானனையே சார்ந்து நிற்பான் என்ற ராஜதந்திரமே அதில் முதன்மையாக இருந்தது. ஒருவனை அநாதையாக்கிய கொடுமையே அவன் உயர்வுக்கும் வழியாயிற்று என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

1548ஆம் ஆண்டையொட்டி அபிசீனியாவில், அதாவது எத்தியோப்பியாவில், பிறந்து, சாப்பு என்ற பெயருடன் இளமையிலேயே விற்கப்பட்டு, பாக்தாதில் வணிகர் ஒருவரிடம் கல்வியும் அம்பர் என்ற புதுப்பெயரும் பெற்ற மாலிக் அம்பர், 1570களில் அகமதுநகர் நிஜாம்ஷாஹி அரசின் பேஷ்வாவான, அதாவது முதலமைச்சரான, செங்கிஸ்கானிடம் வந்து சேர்ந்தார். அந்தச் செங்கிஸ்கானும் ஒருகாலத்தில் அடிமையாயிருந்த ஹபஷியே. எஜமானர் இறந்தபின் விடுதலை பெற்ற அம்பர், பீஜப்பூரில் சிலகாலம் சேவகம் செய்து, மாலிக் என்னும் பட்டத்தோடும் தம்மை நம்பிய குதிரை வீரர்களோடும் திரும்பினார். 1600இல் அகமதுநகர்க் கோட்டை மொகலாயர் வசமானபோது, அரசகுலத்து இளைஞர் ஒருவரை இரண்டாம் முர்தஸா என்று முடிசூட்டி, தம் மகளையே அவருக்கு மணமுடித்து, கால் நூற்றாண்டுக் காலம் அவ்வரசைத் தாங்கி நின்றார்.

வெட்டவெளியில் எதிர்த்து நில்லாமல், தானிய வண்டிகளை மறித்தும் இரவில் பாசறைகளைத் தாக்கியும் பெரும்படைகளைச் சோர்வுறச் செய்த அவருடைய யுத்தமுறைக்கு மராத்தியக் குதிரைவீரர்களே உயிர்நாடியாயினர். சிவாஜியின் தந்தையான ஷாஹாஜி அவர் கொடியின்கீழ் போர் புரிந்தவர். 1624இல் பாட்வடியில் மொகலாயரும் பீஜப்பூராரும் சேர்ந்து வந்தபோது, ஏரியின் கரையை உடைத்து அவர்கள் பாசறையை நீரில் தத்தளிக்கவிட்டு வென்றார். அழிப்பதற்கு நீரைப் பயன்படுத்திய அதே மனிதர், தாம் 1610ஐ ஒட்டி ஸ்தாபித்த கட்கி நகரத்துக்கு நிலத்தடிக் கால்வாய்களால் குடிநீர் கொணர்ந்தார் என்பதே எனக்கு அவருடைய வெற்றிகள் அனைத்தினும் பெரிதாகப் படுகிறது. பிற்காலத்தில் ஔரங்காபாத் என்று பெயர்பெற்ற அந்நகரம் பல தலைமுறைகள் அந்த நீரைப் பருகிற்று.

ஹபஷிகளின் சேவை நிலத்தோடு முடியவில்லை. நிஜாம்ஷாஹி அரசு 1636இல் மறைந்த பின்னும் கொங்கணக் கரையின் ஜஞ்சிராத் தீவுக்கோட்டையை விடாது காத்த, சித்திகள் எனப்பட்ட ஹபஷிகள், 1670ஐ ஒட்டி மொகலாயரின் கடற்படைப் பொறுப்பை ஏற்று, மெக்கா யாத்திரிகர்கள் ஏறிச்சென்ற கப்பல்களுக்குக் காவலாயினர். அவர்களுடைய சமஸ்தானம் 1948 வரை நீடித்தது.

அம்பரைக் கனவிலும் வெறுத்தவர் மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீர். அம்பரின் தலையை அம்பெய்து துளைப்பதாகத் தம்மைச் சித்திரம் தீட்டச் செய்து மனம் ஆறியவர். ஆயினும் 1626இல் அம்பர் இறந்தபோது, அந்தச் சக்கரவர்த்தியின் சரித்திரகாரரான முத்தமத்கானே, ஓர் அபிசீனிய அடிமை இத்தகைய மேன்மையை அடைந்ததற்கு வேறு உதாரணம் இல்லை என்று எழுதிவைத்தார். இதற்கு மாறாக, அமெரிக்காவின் வட கரோலினாக் கரையில் 1842இல் அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் போராடி, 1880இல் பீ தீவின் உயிர்காப்பு நிலையத்துக்குத் தலைவரான ரிச்சர்ட் எத்தரிட்ஜும் அவருடைய கறுப்பினத் தோழர்களும், 1896இல் புயலில் சிக்கிய ஒரு கப்பலிலிருந்து ஒன்பது பேரையும் கரைசேர்த்ததற்காகத் தங்கப் பதக்கம் பெற்றது 1996இல்தான். பகைவரின் ஏட்டில் அம்பருக்கு உடனே கிடைத்த நியாயம், சொந்த நாட்டில் எத்தரிட்ஜுக்குக் கிடைக்க நூறு ஆண்டுகள் சென்றன.

தமிழருக்கு இந்த அடிமை வாணிகம் அந்நிய விஷயமன்று. அம்பர் தக்காணத்தில் கோலோச்சிய அந்த நூற்றாண்டிலேயே, பஞ்சத்தில் அகப்பட்ட நம் மக்களைப் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் டச்சுக் கம்பெனியார் கப்பலேற்றி, பதேவியா முதலிய இடங்களில் அடிமைகளாக விற்றனர். அக்கம்பெனியின் ஏடுகள் ஹேக் நகரத்து ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. தமிழ் ஆய்வாளர்கள் டச்சு மொழியைக் கற்று, அவற்றுள் நம்மவர் பெயர்களைத் தேடி எடுத்து எழுத வேண்டும்.