இடிப்பதற்கு முன்னால்

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற கடைகளில் ஒரு கேள்வி கேட்பார்கள். மன்னார்குடிக் கடையானாலும் சரி, மாம்பலத்துக் கடையானாலும் சரி, கேள்வி ஒன்றுதான். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டியிருக்கும். உள்ளே இருப்பதை எடுத்து வைத்துக்கொண்டுவிட்டீர்களா, ஸார்?" பத்து வருஷத்துக் கடிதங்கள், பெண்ணுக்கு வரன் பார்த்தபோது வந்த பதில்கள், காலமாகிப்போன சிநேகிதர் கடைசியாக எழுதிய நாலு வரி, இருநூறு முந்நூறு பேருடைய விலாசங்கள், அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டி மந்தித்துப் போய்விட்டது. துடைத்தால்தான் ஓடும். துடைத்தால் கடிதமும் போய்விடும், விலாசமும் போய்விடும். ஆகையால் முதலில் பிரதி, பிறகு துடைப்பு என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கடைப் பையன் அதை 'பேக்கப்' என்பான்.

இந்த விதியைக் கம்ப்யூட்டர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். காவிரிக் கரைக்கு இது பழைய சமாசாரம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் இருந்துகொண்டு ஒருவர் இதே விதியை உத்தரவாகப் போட்டார். அவர் ராஜராஜ சோழர். அவர் துடைக்க நினைத்தது ஒரு கோயிலின் சுவரை.

திருவையாற்றுக்கு வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் திருமழபாடி. தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு இந்த ஊர், நந்தி கல்யாணத்தினால்தான் தெரியும். 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்று சொல்லி, பங்குனி மாதத்தில் கல்யாணமாகாத பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவார்கள். அங்கே இருக்கிற வைத்தியநாதர் கோயிலின் விமானத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டும் என்று ராஜராஜர் தம் ஆட்சியின் 28ஆம் ஆண்டில், அதாவது 1013 வாக்கில், உத்தரவு செய்தார். உத்தரவோடு இன்னொன்றையும் சேர்த்தார். இடிப்பதற்கு முன்னால், சுவரில் வெட்டியிருக்கும் சாசனங்களையெல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதிக்கொள்ளவேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அந்தச் சுவர்களில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் விஷயம் புரியும்.

கோயில் கல்வெட்டு என்றால் ராஜாவின் பிரதாபம் என்று நாம் நினைக்கிறோம். பிரதாபம் முதல் பத்து வரியோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் வருவதெல்லாம் குடித்தனக் கணக்கு. ஒருவர் சந்நிதியில் ஓயாமல் எரிய ஒரு விளக்கு வைக்கிறார். அதற்கு 90 ஆடு, சில இடங்களில் 96 ஆடு, கொடுக்கிறார். ஆட்டை ஓர் இடையர் ஏற்றுக்கொள்கிறார். அவர் தினம் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்கவேண்டும். அந்த ஆடுகளுக்குச் சாசனத்தில் ஓர் அழகான பெயர் உண்டு: சாவா மூவாப் பேராடு. ஆடு சாகாதா, கிழமாகாதா? ஆகும். ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது. இடையருக்குப் பிறகு அவர் பிள்ளை, பிள்ளைக்குப் பிறகு பேரன் என்று நெய் வந்துகொண்டே இருக்கவேண்டும். சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும் என்று வாய்தா.

இன்னொருவர் நிலம் விடுகிறார். கீழெல்லை இந்த வாய்க்கால், தென்னெல்லை இன்னார் நிலம், மேலெல்லை அந்த வதி என்று நாலு பக்கமும் அளந்து சொல்கிறது சாசனம். காவிரிப் படுகையில் எல்லை என்பது உயிர் மாதிரி. ஒரு வெள்ளம் வந்தால் வரப்பு கரைந்துவிடும். வரப்பு கரைந்த இடத்தில் பேச்சுத் தடிக்கும், பேச்சுத் தடித்த இடத்தில் மண்வெட்டி உயரும். அப்போது, "வா, சுவரில் என்ன போட்டிருக்கிறது, பார்ப்போம்" என்று சொல்ல ஒரு சுவர் வேண்டும்.

அந்தச் சுவரை இடித்தால் என்ன ஆகும்? கோயில் புதிதாகப் பளபளவென்று நிற்கும். ஆனால் இடையரின் பேரன், "எந்த ஆடு? யார் கொடுத்தார்கள்?" என்று கேட்பான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. விளக்கு அணைந்துபோகும். விளக்கு வைத்தவரின் பெயரும் அதோடு போய்விடும். ஒரு கோயிலைப் புதுப்பிக்கிற புண்ணிய காரியம், நூறு பேருடைய தர்மத்தை அழிக்கிற காரியமாக முடிந்துவிடும். ராஜராஜரின் உத்தரவு இதைத் தடுத்தது. இடிக்காதே என்று அவர் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு இடி என்றார்.

புத்தகத்துக்கு அந்த நாளில் குறைவில்லை. பொத்தகம் என்பார்கள், பனையோலைதான். வரிப்பொத்தகம் என்றே உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள். எந்த ஊர், எவ்வளவு நிலம், என்ன இறை என்று எழுதிவைப்பது அவர்கள் வேலை. ராஜ்யம் முழுவதையும் ஓலையில் கட்டிவைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, ஒரு கோயில் சுவரை ஓலையில் ஏற்றுவது பெரிய பாடில்லை.

ஆனால் கதையில் இதற்கப்புறம்தான் சுவாரஸ்யம். உத்தரவு போட்ட மறுவருஷமே, 1014இல், ராஜராஜர் காலமாகிவிட்டார். ராஜேந்திரர் பட்டத்துக்கு வந்து படை நடத்தினார். சேனை கங்கைவரை போய்த் திரும்பியது. கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்டசோழபுரம் என்று புதுத் தலைநகரமே எழுந்தது. இத்தனை சத்தத்துக்கு நடுவில், தகப்பனார் காலத்தில் எழுதிவைத்த ஓர் ஓலைக்கட்டை யார் நினைப்பார்கள்? பரணில் கிடந்து செல்லரித்திருக்கவேண்டியது நியாயம். அரிக்கவில்லை. ராஜேந்திரரின் 14ஆம் ஆட்சியாண்டில், 1026 சுமாருக்கு, அந்தப் புத்தகத்திலிருந்த சாசனங்கள் புதுக் கோயிலின் கல்லிலே திரும்ப வெட்டப்பட்டன. இந்த விவரத்தையும் அந்தக் கல்வெட்டே சொல்கிறது. அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

நடுவில் சென்றது பதின்மூன்று வருஷம். ஒரு ராஜா இறந்துபோனார், உத்தரவு இறக்கவில்லை. யாரோ ஒரு கணக்கர் அந்தக் கட்டை எலிக்கும் ஈரத்துக்கும் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாவிட்டால் பாதகமில்லை. மற்றவர்கள் பெயர் போகாமல் காத்தவர் அவர்.

சோழ நாட்டில் இந்தப் புத்தி ராஜராஜரோடு தொடங்கியதல்ல. அவருக்குப் பாட்டி முறையாக வேண்டிய செம்பியன் மாதேவி, கண்டராதித்தரின் தேவி, செங்கல் கோயில்களைக் கருங்கல்லாக மாற்றுவதையே வாழ்நாள் விரதமாக வைத்திருந்த அம்மாள். திருக்கோடிகாவில் அவர் கற்றளி எடுத்தபோது, அங்கே கிடந்த பழைய கற்களில் பல்லவர் காலத்துச் சாசனங்கள்கூட இருந்தன. அவற்றைப் பார்த்துப் புதுச் சுவரில் வெட்டச் சொன்னார். வெட்டிய இடத்தில், இது பழங்கற்படி, அதாவது பழைய கல்லின் நகல், என்றும் குறிக்கச் சொன்னார். நகலை நகல் என்று சொல்லிவிடுகிற இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். புதுச் சுவரில் பழைய பேச்சு இருந்தால் பின்னால் வருகிறவனுக்குச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்கு முன்கூட்டியே பதில் எழுதிவைத்துவிட்டார்.

நாகப்பட்டினத்திலும் இதற்குச் சமமான ஒன்று நடந்தது. ஸ்ரீவிஜய அரசர் அங்கே ஒரு பௌத்த விஹாரம் கட்டத் தொடங்கினார். அவர் பிள்ளை முடித்தார். அந்த விஹாரத்துக்கு ராஜராஜர் தம் 21ஆம் ஆண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தார். அவர் மறைந்த பிறகு ராஜேந்திரர் அதைச் செப்பேட்டில் ஏற்றி நிலைக்கச் செய்தார். இன்று லைடன் செப்பேடு என்று சரித்திரக்காரர்கள் சொல்வது அதைத்தான். கொடுத்தவர் போனபின் கொடுத்தது போய்விடக்கூடாது என்ற அதே கவலைதான் இங்கேயும்.

சாசனங்கள் இருக்கட்டும், விலாசங்கள்? அதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகவேண்டும். ராஜராஜர் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்களைத் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து, ஆளுக்கு ஒரு வீடும், வருஷத்துக்கு 100 கலம் நெல்லும் ஏற்படுத்தினார். அந்த 400 பேருடைய பெயர்களும் திருச்சுற்றுச் சுவரில் இருக்கின்றன. பெயர் மட்டுமா? எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எல்லாம் உண்டு. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: திருவையாற்றிலிருந்து வந்த சேரமங்கை. ஒரு தபால்காரன் கடிதத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடலாம். அந்தத் தெரு போய்விட்டது, வீடு போய்விட்டது. விலாசம் மட்டும் இருக்கிறது. சேரமங்கை எப்படி இருந்தாள், திருவையாற்றை விட்டு வந்தபோது அழுதாளா என்பதெல்லாம் கல்லில் இல்லை. ஆனால் அவள் இருந்தாள் என்பது இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்கு அதுவே பெரிய முதல்.

இவ்வளவு பெருமையையும் சொல்லிவிட்டு, பின்னால் வந்தவர்கள் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

ஓலைக்கு ஆயுசு குறைவு. சில தலைமுறைக்கு ஒருமுறை புது ஓலையில் எழுதிக்கொண்டு பழையதை ஆற்றில் விடவேண்டும், அல்லது அக்கினிக்குக் கொடுக்கவேண்டும். ஏடு சரஸ்வதி அல்லவா, குப்பையில் போடலாமா? நல்ல ஏற்பாடுதான். நாளடைவில் என்ன ஆயிற்று? எழுதிக்கொள்கிற பாதி மறந்துபோயிற்று. ஆற்றில் விடுகிற பாதி மட்டும் சாஸ்திரமாக நின்றுவிட்டது. பதினெட்டாம் பெருக்கன்று காவிரியில் காதோலை கருகமணியோடு ஏட்டுச் சுவடிகளும் மிதந்தன. பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, கும்பகோணம் காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுத்து, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், ஏடு தேடித் தெற்கே கரிவலம்வந்தநல்லூருக்குப் போனார். அந்தக் கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்தாயிற்று என்று அவருக்குப் பதில் கிடைத்தது. செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பயபக்தியோடுதான் செய்தார்கள். அதை நினைக்கும்போதுதான் வயிறு இன்னும் பற்றி எரிகிறது.

சுவர்களுக்கும் இதே கதி வந்தது. திருப்பணி என்ற பெயரில் கல் மாற்றினார்கள், சுண்ணாம்பு பூசினார்கள். பிற்காலத்தில் மணலைக் காற்றோடு பீய்ச்சிச் சுத்தம் செய்கிற யந்திரம் வந்தது, எழுத்து தேய்ந்தது. 1886இல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியப் பண்டிதர் சர்க்கார் கல்வெட்டு உத்தியோகத்துக்கு வந்தார். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, புருசால் தட்டி, மேலே மை ஒற்றிப் படியெடுக்கிற வேலை அதன்பின் ஊர் ஊராக நடந்தது. கல் காணாமல் போய், அந்தக் காகிதப்படி மட்டும் மிஞ்சிய இடங்களும் உண்டு.

ஆகவே, அழிப்பது பாவமில்லை. மாறாத வீடு ஏது, மாறாத கோயில் ஏது? பழையதை அகற்றாவிட்டால் செம்பியன் மாதேவியின் கற்றளிகளே கிடையாது. அழிப்பதற்கு முன் ஒருநாள் உட்கார்ந்து எழுதிக்கொள்ளாததுதான் பாவம்.

எழுதிக்கொண்டால் மட்டும் போதுமா என்று திருமழபாடி நம்மை இன்னொரு கேள்வியும் கேட்கிறது. கடிதங்களை ஒரு விரல்நீளக் கருவியில் ஏற்றி, மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, பிரதி எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அந்த இழுப்பறை நம்முடைய பரண். புத்தகத்திலிருந்து மறுபடியும் கல்லுக்கு வந்த பிறகுதான் ராஜராஜரின் உத்தரவு நிறைவேறியது. அதுவரை அது பாதி உத்தரவுதான். பிரதியைத் திறந்து பார்க்கவேண்டும், திரும்ப இடத்தில் வைக்கவேண்டும், நமக்குப் பின் வருகிறவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவைக்கவேண்டும். அப்போதுதான் இடையரின் பேரன் நெய்யோடு வந்து நிற்பான், விளக்கு எரியும்.