தனி வீடியோ அட்டை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எம்மவர் வீடுகளில் உள்ள மேசைக் கணனிகளில் பல, அலுவலகங்கள் கழித்து விற்றவை. விலை குறைவு, உழைப்பு அதிகம். கணக்குப் பார்க்கவும் ஊரோடு பேசவும் அவை தாராளமாகப் போதும். பிள்ளைகள் கட்டடக்கலையோ காணொளித் தொகுப்போ படிக்கப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எமது வீட்டிலும் அதுதான் நடந்தது. மகள் முப்பரிமாண வரைபடத்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் திரை உறைந்து நின்றது. ஊருக்கு அனுப்ப எடுத்து வைத்த காசில் பாவித்த வீடியோ அட்டை ஒன்றை வாங்கினோம். அதற்குத் தேவையான மின்வயர் எமது கணனியில் இல்லை. தனியாளிடம் வாங்கியதால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அந்த நட்டத்தில் கற்றதை இங்கே தருகிறோம்.

வேறுபாடு என்ன?

முன்பு மதர்போர்டில் இருந்த கிராபிக்ஸ் சில்லு, இப்போது பெரும்பாலும் புரொசசருக்கு உள்ளேயே வருகிறது. அதற்கென்று தனி நினைவகம் கிடையாது. கணனியின் றாமில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும். தனி அட்டையில் சொந்தச் சில்லும் சொந்த நினைவகமும் உண்டு. ஆகவே நாம் எதையும் கழற்றுவதில்லை, புதிதாக ஒன்றைச் சேர்க்கிறோம்.

உண்மையில் தேவையா?

எழுத்து வேலை, இணையம், திரைப்படம் ஆகியவற்றுக்குத் தேவையில்லை. றாம் ஒற்றைத் துண்டாக இருந்தால், முதலில் அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு துண்டுகள் சோடியாக இயங்கும்போது உள்ளமைந்த கிராபிக்ஸும் நன்றாக வேகம் பெறும். செலவு மிகக் குறைவு. முப்பரிமாண வரைபடம், காணொளித் தொகுப்பு, புதிய விளையாட்டுகள் என்றால் மட்டும் அட்டையை யோசிக்கலாம். மடிக்கணனிக்கு இந்த வழி பெரும்பாலும் இல்லை.

வாங்குமுன் நான்கு சோதனைகள்

1. துளை: மதர்போர்டில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் x16 என்ற நீளமான துளை இருக்க வேண்டும்.

2. மின்சாரம்: நாம் தவறியது இங்கேதான். அந்தத் துளை அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். சில அலுவலகக் கணனிகளில் அதிலும் குறைவு, எனவே தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள். கூடுதலாகத் தேவைப்படும் அட்டைக்குப் பவர் சப்ளையில் இருந்து 6 முனை வயர் (75 வாட்) அல்லது 8 முனை வயர் (150 வாட்) வர வேண்டும். அலுவலகக் கணனிகள் பலவற்றில் இவை இருப்பதில்லை. பெயரை மட்டும் நம்பவும் கூடாது. என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3050 அட்டையின் 6 ஜி.பி. வகைக்கு 70 வாட் போதும். அதே பெயரில் வரும் 8 ஜி.பி. வகைக்குத் தனி மின்வயர் வேண்டும்.

3. இடம்: பெட்டியைத் திறந்து நீளத்தையும் உயரத்தையும் அளவுகோலால் அளந்து எழுதுங்கள். ஒடுங்கிய பெட்டி என்றால் அரை உயர அட்டைதான் பொருந்தும்.

4. வயது: மிகப் பழைய மதர்போர்ட்கள் சில புதிய அட்டைகளை ஏற்பதில்லை. உங்கள் கணனி மாதிரியில் அந்த அட்டை இயங்குகிறதா என்று விசாரியுங்கள்.

பொருத்தும் முறை

கணனியை நிறுத்தி மின்வயரைக் கழற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னைப் போக்குங்கள். பின்புறத் தகட்டை அகற்றி, துளையின் முனையில் உள்ள பூட்டுச் சொடுக்கும் வரை அட்டையை நேராக அழுத்தித் திருகாணியை முடுக்குங்கள். தேவையான மின்வயரைக் கொடுங்கள்.

இனி, திரையின் வயரை மதர்போர்டில் இருந்து கழற்றி அட்டையிலே செருக வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பழைய இடத்திலேயே விட்டால் ஒன்றில் படம் வராது, அல்லது பழைய கிராபிக்ஸே தொடர்ந்து வேலை செய்யும். அட்டையில் செருகியும் படம் வராவிட்டால், வயரைப் பழைய இடத்துக்கு மாற்றி பயாஸுக்குள் சென்று முதல் திரையாகப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸைத் தெரிவு செய்யுங்கள். கடைசியாக, அட்டைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இருந்து டிரைவரை இறக்கி நிறுவுங்கள்.

காசுக் கணக்கு

அட்டையின் விலையோடு புதிய பவர் சப்ளையின் விலையையும் கூட்டிப் பாருங்கள். அது கணனியின் இன்றைய பெறுமதியைத் தாண்டினால், அந்தக் காசை வேறு கணனிக்குச் சேர்ப்பதே மேல். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், வணிகரிடம் இணையம் மூலம் வாங்கிய பொருளைப் பொதுவாக 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். தனியாளிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை.

நாம் இரண்டாம் முறை, தனி மின்வயர் தேவைப்படாத அரை உயர அட்டை ஒன்றைக் கடையில் வாங்கினோம். மகள் தனது வரைபடத்தை உரிய நாளில் ஒப்படைத்தாள். ஊருக்குப் போக வேண்டிய காசு ஒரு மாதம் பிந்தியே போனது. பெட்டியைத் திறந்து பார்க்கப் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் அதுவும் நேரத்துக்குப் போயிருக்கும்.