கழுவினால் போகாத அழுக்கு

நேற்று வகுப்பில் ஒரு பிள்ளை உள்ளங்கையில் பைண்டர் கம் பூசி, காய்ந்ததும் தோல் போல உரித்துக்கொண்டிருந்தது. ஏசத்தான் போனேன். உரித்த பசையோடு கையிலிருந்த சோக்குத் தூளும் வந்திருந்ததைக் கண்டேன். ஏசாமல் செர்னோபில் கதையைச் சொன்னேன்.

1986 ஏப்ரல் 26. சோவியத் உக்ரேனில் செர்னோபில் அணு உலை வெடித்தது. சீசியம்-137 முதலான கதிரியக்கப் பொருட்கள் தூசியாகிச் சுவரிலும் வீதியிலும் வாகனங்களிலும் படிந்தன. துப்புரவுப் பணியில் ஏறக்குறைய 6 இலட்சம் பேர் ஈடுபடுத்தப்பட்டார்கள். தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். ஆனால் கழுவுவதால் கதிரியக்கம் அழியாது. நீரோடு மண்ணுக்குப் போகும், மண்ணிலிருந்து ஆற்றுக்கு. பக்கத்தில் ஓடும் பிரிப்யாட் ஆறோ கியெவ் நகருக்கு மேலேயுள்ள நீர்த்தேக்கத்தில் சேர்கிறது.

அதனால் பொலிமர் கரைசல்களையும் பயன்படுத்தினார்கள். ஹெலிகொப்டரிலிருந்து தெளித்த பசைத் திரவம் தூசி பறக்காமல் நிலத்தோடு பிடித்து வைத்தது. கட்டடங்களில் பூசிய பொலிவைனைல் அற்ககோல் போன்றவை காய்ந்து மெல்லிய தோலாயின. அதை உரித்தபோது தூசியும் கூடவே வந்தது.

"உரிச்சத எங்க போட்டாங்க சேர்?" என்று கேட்டது அதே பிள்ளை.

அதுதான் கேள்வி! தடை வலயத்துக்குள் மற்றக் கழிவுகளோடு புதைத்தார்கள். சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 வருடங்கள் வேண்டும். பூச்சு நஞ்சை அழிக்கவில்லை, பரவவிடாமல் ஓரிடத்தில் சேர்த்துத் தந்தது. அவ்வளவுதான்.

நாம் வாசலைக் கூட்டிக் குப்பையைக் கானுக்குள் தள்ளிவிட்டு "சுத்தம்" என்கிறோம். அது சுத்தமல்ல, இடமாற்றம். நம் கான் எங்கே போய் முடிகிறது என்று இன்றைக்கு ஒருதரம் நடந்து பாருங்கள்.