கச்சான் காலத்து ஊவாத் தேயிலை: சுவை பார்ப்பதும் விலை போடுவதும்

பதுளை ஸ்பிரிங்வெளிப் பக்கத்து மலைகளில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கிறார்கள். ஆனால் கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கென்று தனி மவுசு இருப்பது ஜூலை முதல் செப்டெம்பர் வரைதான். பிரான்ஸின் போர்தோ சிவப்பு வைனை விளைந்த ஆண்டைப் பார்த்து மதிப்பிடுவார்கள். ஊவாத் தேயிலையை வாரக் கணக்கில் பார்க்க வேண்டும். ஓகஸ்டில் நாலு நாள் மழை பிடித்தால் அந்த வாரத்துத் தூள் சாதாரணத் தூளாகிவிடும்.

காரணம் காற்று. தென்மேற்குப் பருவமழை மத்திய மலைகளின் மேற்குப் பக்கத்தில் கொட்டித் தீர்ந்த பிறகு, ஈரமில்லாத காற்று மட்டும் ஊவாவுக்குள் இறங்குகிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கச்சான் என்று நாம் சொல்லும் அதே காற்றுதான். வரட்சியில் செடி மெதுவாக வளர்கிறது. கொழுந்து சிறுத்து, அதில் வாசனைச் சேர்மங்கள் கூடுகின்றன. அவற்றில் முக்கியமானது மெத்தில் சலிசிலேட். வலித் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் வாசனையும் இதனுடையதுதான். கூடை சுமந்து நொந்த தோளில் இரவில் தேய்க்கும் தைலத்தின் வாசனையைத்தான் சுவைபார்ப்பவர்கள் கோப்பையில் தேடுகிறார்கள்.

தொழிற்சாலையிலும் இந்தக் காலத்துக்குத் தனிப் பக்குவம் உண்டு. கொழுந்தை வழமையைவிட நன்றாக வாட்டி, அரைத்த பின் புளிக்கவிடும் நேரத்தைக் குறைப்பார்கள். நேரம் கூடினால் நிறம் வரும், வாசனை போய்விடும்.

சுவை பார்க்கும் முறை எளிது. சர்வதேசத் தர அளவுப்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம். சீனி வேண்டாம். வீட்டில் சிறிய தராசும் மூடியுள்ள கோப்பையும் இருந்தால் போதும். முதலில் காய்ந்த தூளைப் பாருங்கள்: கறுப்பாக, ஒரே அளவாக, நார் கலக்காமல் இருக்க வேண்டும். அடுத்தது வடித்த சக்கை. இதைத்தான் பலர் எறிந்துவிடுகிறார்கள், ஆனால் அதிகம் பேசுவது சக்கைதான். புதுச் செப்புக்காசு போல் பளிச்சென்று, இலேசான பச்சைச் சாயலோடு இருந்தால் நல்ல பருவத் தேயிலை. மங்கிய கபிலம் என்றால் புளிப்பு கூடிவிட்டது. சூடாக இருக்கும்போதே முகர்ந்து பாருங்கள், கருகல் வாடையும் புகை வாடையும் அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு ஒரு கரண்டி சாயத்தை வாயில் சத்தமாக உறிஞ்ச வேண்டும். நாகரிகம் பார்க்கக் கூடாது. காற்றோடு சேர்ந்து உள்ளே போனால்தான் வாசனை மூக்கின் பின்பக்கம் ஏறும். நல்ல ஊவாவின் துவர்ப்பு நாக்கில் சுள்ளென்று பிடித்து உடனே விட்டுவிடும். அதன் பின்னால் புதினா போன்ற ஒரு குளிர்ச்சி வரும். துவர்ப்பு மட்டும் தங்கி குளிர்ச்சி வராவிட்டால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது பருவத் தேயிலை அல்ல. தொழில்முறைச் சுவைபார்ப்பவர்கள் விழுங்குவதில்லை. வரிசையாக வைத்த கோப்பைகளைச் சில விநாடிகளில் உறிஞ்சித் துப்பிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம் 2020 முதல் இணையவழியில் நடக்கிறது. ஏலத்துக்கு முன்பே மாதிரிகள் தரகர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் போய்விடும். அந்த ஓர் உறிஞ்சலில்தான் விலை தீர்மானமாகிறது.

மலையில் கணக்கு வேறு. அங்கே வாசனைக்கு அளவுகோல் இல்லை, கிலோ மட்டும்தான். வரட்சியில் தேயிலையின் விலை கூடுகிறது, கொழுந்தோ குறைகிறது. நிர்ணயித்த கிலோவைத் தோட்டம் குறைக்காவிட்டால், பறித்தவருக்கு அன்று அரைப்பேர்தான் விழும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானி வந்தது. அதில் பருவத் தேயிலைக்கென்று பங்கு எதுவும் இல்லை. ஊவாவின் பெயரை ஏற்றிவைத்த வாரங்கள் பறித்தவர்களுக்குக் கையிருப்புக் குறைந்த வாரங்களாகவும் அமைவது இப்படித்தான்.

1977, 1983 வன்முறைகளுக்குப் பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையகக் குடும்பங்களில், பெரட்டுக்களத்தையும் கச்சான் காலத்தையும் அறிந்த மூத்தவர்கள் இருப்பார்கள். இந்தத் தேயிலை கிடைத்தால் முதல் கோப்பையை அவர்களிடம் கொடுத்துக் கேளுங்கள். வாங்கும்போது எந்த மாதம் பறித்தது என்று விசாரியுங்கள். கலப்புத் தேயிலையில் இந்த வாசனை அமுங்கிவிடும். திறந்த பொதியைக் காற்றுப் புகாத டின்னில் போட்டு, மிளகாய்த்தூள் பக்கம் வைக்காமல், சில மாதங்களுக்குள் குடித்து முடியுங்கள்.