பொலிஸ் ஆட்சேர்ப்பும் வயதுக் கணக்கும்

பொலிஸ் சேவைக்கு விண்ணப்பம் கோரி வர்த்தமானி அறிவித்தல் வெளிவரும் போதெல்லாம், சில வாரங்களால் வயதெல்லையைக் கடந்துவிட்ட இளைஞர், யுவதிகளின் மனக்குறையும் கூடவே எழுகின்றது. வயதெல்லை விதிப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. கடும் பயிற்சியை வேண்டிநிற்கும் சேவைக்கு அது அவசியமே. அந்த வயது எத்திகதியில் கணிக்கப்படுகின்றது என்பதே பிரச்சினை.

பொதுவாக விண்ணப்ப முடிவுத் திகதியன்று உள்ள வயதே கணக்கில் கொள்ளப்படுகின்றது. அறிவித்தலோ ஆண்டுதோறும் குறித்த ஒரு மாதத்தில் வெளிவருவதில்லை. போதாக்குறைக்குப் பரீட்சைகளும் பிந்தின. 2021ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலேயே ஆரம்பமானது. 2022ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2023 மே மாத இறுதியிலேயே ஆரம்பமானது. கொவிட் தொற்றுக்கும் அதன் பின்னரான நெருக்கடிக்கும் மாணவர்கள் பொறுப்பாளிகள் அல்லர். எனினும், இழந்த மாதங்கள் அவர்களின் வயதுக் கணக்கிலேயே சேர்கின்றன.

இது தமிழ் பேசும் மக்களை இருமடங்கு பாதிப்பதாகும். பொலிஸ் நிலையங்களில் இருமொழி அறிந்த உத்தியோகத்தர்கள் 24 மணிநேரமும் கடமையில் இருக்க வேண்டுமென, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது. அத்தகையோரைத் தேடவேண்டிய சேவை, முன்வருவோரைச் சில நாட்களைக் காட்டித் திருப்பியனுப்புவது விந்தையே! பிறப்பைக் காலந்தாழ்த்திப் பதிந்தோரும் உத்தேச வயதுச் சான்றிதழை நம்பியிருப்போரும் தமது வயதை நிரூபிப்பதற்கே அலைய நேரிடுகின்றது.

2001இல் 17ஆவது திருத்தத்தினால் உருவாகி, பின்வந்த திருத்தங்களால் வளர்ந்தும் தேய்ந்தும் வந்த தேசிய பொலிஸ் ஆணைக்குழு இதில் தலையிட வேண்டும். வயதைக் கணிப்பதற்கு ஆண்டுதோறும் மாறாத ஒரு திகதியை நிர்ணயிப்பதும், பரீட்சை பிந்திய காலத்துக்கு ஈடான சலுகையை அறிவித்தலிலேயே குறிப்பிடுவதும், நிராகரிப்புக்கான காரணத்தை விண்ணப்பதாரியின் மொழியில் எழுத்தில் வழங்குவதும் பெருஞ்செலவுக்குரிய காரியங்கள் அல்ல.

நிராகரிக்கப்பட்டோரும் காலத்தைக் கடத்தலாகாது. சமத்துவ உரிமை மீறப்பட்டதாகக் கருதுவோர், அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் அக்கணக்கில் சேர்க்கப்படமாட்டாது.