மைண்ட் யுவர் லாங்குவேஜ்: பகிடியா, பகிடிவதையா?

எங்கட வீடுகளில ஐம்பது வயதைத் தாண்டின ஆரிட்டயாவது "மைண்ட் யுவர் லாங்குவேஜ்" எண்டு சொல்லிப் பாருங்கோ. சிலர் உடனே கையைக் கூப்பி, தலையைச் சரிச்சு, "தௌசண்ட் அபோலஜீஸ்" எண்டுவினம். பிறகு தாங்களே சிரிப்பினம். இந்தத் தொடர் முதலில் ஓடினது இரண்டே இரண்டு வருடம்தான். 1977 டிசம்பர் 30 இல் தொடங்கி 1979 முடிவோடு நிண்டு போச்சு. மொத்தம் 29 அத்தியாயங்கள். இதைவிட நீளமா ஓடின எத்தினையோ பிரித்தானியத் தொடர்களின்ர பெயர்கூட இங்க ஆருக்கும் தெரியாது. இது மட்டும் ஏன் நிலைச்சுது?

கதை மிகவும் சின்னது. லண்டனில் ஒரு இரவுப் பாடசாலை. வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் படிப்பிக்க ஜெரமி பிறவுண் எண்ட இளம் ஆசிரியர் வாறார். அதிபர் மிஸ் கோர்ட்னிக்கு ஆம்பிளை ஆசிரியர்களில நம்பிக்கை இல்லை. முதல் இருந்த ஆசிரியருக்கு இந்த வகுப்பாலதான் மூளை குழம்பினது எண்டு வேற பயப்படுத்துவா. ஒரு மாதம் தவணை குடுப்பா. வகுப்பில இருக்கிறவை: சமையல்காரரான இத்தாலியர் ஜொவானி, கிரேக்கர் மக்ஸ், ஸ்பானியர் ஹுவான், வீட்டு வேலையும் பிள்ளை பார்க்கிறதும் எண்டு வந்த ஐரோப்பியப் பெண்கள், மாவோவின் சிவப்புப் புத்தகத்தோடயே திரியிற சுங் சூ-லீ, அவவோட முட்டுப்படுகிற ஜப்பானியர் தாரோ, பாகிஸ்தானி அலி நதீம், சுரங்க ரயிலில் வேலை செய்யிற சீக்கியர் ரஞ்சித் சிங், ஒரு மூலையில பின்னல் வேலையோட இருக்கிற ஜமீலா. அலிக்கும் ரஞ்சித்துக்கும் முதல் நாளே சண்டை. போகப் போக ரெண்டு பேரும் கூட்டாளிகள்.

அந்த ரஞ்சித் சிங் ஆர் தெரியுமோ? நடிகர் அல்பேர்ட் மோசஸ். 1937 இல் எங்கட கம்பளையில் பிறந்தவர். பிறகு ஜேம்ஸ் பொண்ட் படமான 'ஒக்டோபசி'யிலும் (1983) வருவார். கம்பளைக்காரர் தலைப்பாகை கட்டிப் பஞ்சாபியாக நிக்கிறார் எண்டு தெரிஞ்சாப் பிறகு, அந்தத் 'தௌசண்ட் அபோலஜீஸ்' எங்களுக்கு வேற மாதிரித்தான் கேக்குது.

இவர் மட்டுமில்லை. அந்த வகுப்பறையில கனபேர் இன்னொருவராத்தான் இருக்கினம். பாகிஸ்தானி அலியாக நடிச்ச டினோ ஷஃபீக் பிறந்தது டாக்காவில். பிரெஞ்சுக்காரி டானியலாக நடிச்ச ஃபிரான்சுவாஸ் பஸ்கால் மொரிசியஸ்காரி. சீனாக்காரியாக நடிச்ச பிக்-சென் லிம் மலேசியாவின் பினாங்கைச் சேர்ந்தவர். ஸ்பானியர் ஹுவானாக வந்த ரிக்கார்டோ மொண்டெஸ் ஜிப்ரால்டரில் பிறந்தவர். ஒரு சொல் ஆங்கிலம் தெரியாத ஜமீலாவாக நடிச்ச ஜமீலா மாசி, கணவரோட சேர்ந்து இந்திய இசை பற்றி ஆங்கிலத்திலயே புத்தகம் எழுதினவர்! அதாவது பேரரசு ஆண்ட இடங்களிலிருந்து வந்த, நல்லா ஆங்கிலம் தெரிஞ்ச நடிகர்கள், தங்கட ஆங்கிலத்தை வேணுமெண்டு உடைச்சுப் பேசினால்தான் அங்க வேலை கிடைச்சிருக்கு.

ஆனால் அதுக்கு முதல் இருந்த நிலைமையையும் சொல்ல வேணும். 1969 இல் இதே லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் 'கறி அண்ட் சிப்ஸ்' எண்டு ஒரு தொடர் போட்டது. அதில ஸ்பைக் மில்லிகன் முகத்தில மண்ணிறம் பூசிக்கொண்டு பாகிஸ்தானியாக நடிச்சார். ஆறு அத்தியாயத்தோட அது நிண்டது. அதோட ஒப்பிட்டால், தெற்காசிய முகங்கள் தங்கட சொந்த நிறத்தோட வாராவாரம் திரையில வந்தது ஒரு அடி முன்னுக்குத்தான். சின்ன அடி.

எழுதினவர் வின்ஸ் பவல். 'லவ் தை நெய்பர்' தொடரை எழுதினவர்களில் ஒருவர். வெள்ளைக்காரர் ஒருவரும் பக்கத்து வீட்டுக் கறுப்பினத்தவரும் ஆளை ஆள் திட்டிக்கொண்டே இருக்கிற கதை அது. இனத்தை வச்சுச் சிரிப்புக் காட்டுறது அவருக்குப் பழகின தொழில்.

இனி அந்தக் காலத்துக்கு வருவம். இந்தத் தொடரை அதின்ர வருடங்களைப் பிரிச்சுப் பார்க்கிறதில அர்த்தமில்லை எண்டது எங்கட எண்ணம். 1976 ஜூனில், லண்டனின் சவுத்தோலில் குர்திப் சிங் சக்கர் எண்ட 18 வயதுப் பெடியன் குத்திக் கொல்லப்பட்டான். குடியேறிகளைத் துரத்த வேணும் எண்ட நாஷனல் ஃபிரண்ட் தெருவில ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலம். முதல் அத்தியாயம் ஒளிபரப்பாகி ஒரு மாதத்தில, 1978 ஜனவரியில, அப்ப எதிர்க்கட்சித் தலைவியாக இருந்த மார்கரெட் தட்சர் தொலைக்காட்சிப் பேட்டியில வேற பண்பாட்டு மக்கள் வந்து நாட்டை மூழ்கடிச்சுவிடுவினமோ எண்டு சனம் பயப்படுது எண்டார். 1979 ஏப்ரல் 23 அன்று நாஷனல் ஃபிரண்டுக்கு எதிராகச் சவுத்தோலில் நடந்த ஆர்ப்பாட்டத்தில பொலிஸ் அடியில தலையில காயப்பட்டு பிளேயர் பீச் இறந்தார். நியூசிலாந்திலிருந்து வந்தவர். அவரும் ஒரு ஆசிரியர். அதே வருடக் கடைசியிலதான் மூன்றாம் பருவம் ஓடினது.

தெருவில இப்பிடி. திரையிலயோ ஒரு கதகதப்பான வகுப்பறை. அங்க ஆரும் ஆரையும் நாட்டை விட்டுப் போ எண்டு சொல்லேல்ல. பிழை விட்டால் ஆசிரியர் தலையில கை வைப்பார், அவ்வளவுதான். அந்த வகுப்பில கரீபியனிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ வந்த நிரந்தர மாணவர் ஒருவரும் இல்லை எண்டதையும் கவனியுங்கோ. அவைக்கு ஆங்கிலம் தெரியும் எண்டு ஒரு காரணம் சொல்லலாம். ஆனால் அண்டைக்கு லண்டனில 'வெளியாள்' எண்ட சொல்லு முதலில விழுந்ததே அவையளிலதான். அந்த இடத்தைத் தொட்டால் சிரிப்பு வராது எண்டு எழுதினவருக்கும் தெரிஞ்சிருக்கும்.

தொடருக்கு ஆட்கள் இருக்கேக்கயே 1979 இல் அதை நிப்பாட்டினவர், லண்டன் வீக்கெண்டின் நிகழ்ச்சிப் பணிப்பாளர் மைக்கல் கிரேட். இனங்களை அச்சில வார்த்த மாதிரிக் காட்டுறது அவமதிப்பு எண்டது அவற்ற முடிவு. அது நியாயமான முடிவு எண்டுதான் நாங்களும் நினைக்கிறம். ஜப்பானியர் எண்டால் சொல்லுக்குச் சொல்லு 'ஓ' சேர்க்க வேணும், சீனாக்காரி எண்டால் 'ர'வுக்கு 'ல' வர வேணும், ஐரோப்பியப் பெண்கள் எண்டால் ஆசிரியரை மயக்க வேணும். மூன்று அத்தியாயம் ஒரே மூச்சில பாத்தால் அலுத்துப் போகும்.

பகிடி என்னெண்டால், லண்டனில நிப்பாட்டின தொடரை ஆசையா வாங்கினது அதில பகிடிக்காளானவையின்ர நாடுகள்தான். இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, நைஜீரியா, இலங்கை. ரூபவாஹினி தொடங்கினதே 1982 இல்தான். தொலைக்காட்சிப் பெட்டி எண்டதே புதினமாக இருந்த வருடங்கள் அவை.

எங்கட ஆக்கள் ஏன் கோபப்படேல்ல? அடிமைப் புத்தி எண்டு சொல்லிப்போட்டுப் போறது லேசு. எங்களுக்கு அது போதாது. திரும்பப் பாக்கேக்க ஒண்டு விளங்குது: சிரிப்பில பாதி மாணவரைப் பாத்து வாறதில்லை, ஆங்கிலத்தைப் பாத்து வாறது. ஒரே உச்சரிப்புக்கு ரெண்டு எழுத்துக்கூட்டல், ஒரே சொல்லுக்கு மூண்டு கருத்து, மரபுத்தொடரை நேராக எடுத்தால் வாற விபரீதம். இவ்வளவு குழப்படியான மொழியை எங்கட தலையில கட்டிப்போட்டு, நாங்கள் தடுமாறினால் எங்களையே குறை சொல்லுறதோ எண்ட கேள்வி ஒவ்வொரு அத்தியாயத்திலயும் ஒளிஞ்சிருக்கு. பிறவுண் சேர் எத்தினை தரம் தோத்துப் போறார் பாருங்கோ.

இந்த நாட்டில ஆங்கிலத்துக்குச் சிங்களப் பேச்சில 'கடுவ' எண்டு பெயர். வாள். பல்கலைக்கழகங்களில புழங்கின சொல்லு. கையில வச்சிருக்கிறவன் வெட்டுவான், இல்லாதவன் வெட்டுப்படுவான். கலைப்பீடத்தில முதலாம் வருட ஆங்கில வகுப்பில எழும்பி நிண்டு வாசிச்ச எல்லாருக்கும் இது தெரியும். பிழையாக் கதைச்சால் வகுப்பில சிரிப்பு, சரியாக் கதைச்சால் வெளியில சீனியர்மாரின்ர பகிடிவதை. இந்தப் பயத்தோட இருக்கிறவனுக்கு, திரையில பத்துப் பேர் பயமில்லாமல் பிழை விட்டு, அடுத்த கிழமை திரும்பவும் அதே வாங்கில வந்து இருக்கிறதைப் பாக்கிறது ஒரு ஆறுதல். தொடரை எடுத்தவை அதை நினைச்சு எடுத்திருக்க மாட்டினம். பாத்தவை எடுத்துக்கொண்டது அதைத்தான் எண்டு நாங்கள் நினைக்கிறம்.

1986 இல் பழைய ஆக்களில சிலரைச் சேர்த்து 13 அத்தியாயங்கள் திரும்பவும் எடுத்துப் பார்த்தினம். எடுபடேல்ல. டினோ ஷஃபீக் 1984 இலேயே மாரடைப்பில போய்ச்சேர்ந்திருந்தார். பிறவுணாக நடிச்ச பரி எவன்ஸுக்குப் பிறகு வாய்ப்புகள் குறைஞ்சு, வாடகைக்கார் ஓட்டினார். 1997 இல் வீட்டில இறந்து கிடந்தார். அல்பேர்ட் மோசஸ் 2017 வரை இருந்தார்.

உண்மையான மறுபிறப்பு நடந்தது இந்தியாவில. 1993 இல் தூர்தர்ஷனில வந்த 'ஸபான் சம்பால்கே'. பங்கஜ் கபூர்தான் ஆசிரியர், படிப்பிக்கிறது ஹிந்தி. அந்த வகுப்பில டொம் ஆல்டர் ஒரு ஆங்கிலேயராக வாங்கில இருந்து ஹிந்தி படிப்பார். அவர் உச்சரிப்புக்குத் தடுமாற, மற்றவை சிரிப்பினம். (தமிழ்நாட்டிலயிருந்து பாக்கிறவைக்கு ஹிந்தி வகுப்பு எண்டதே வேற பகிடியாக இருந்திருக்கும், அது வேற கதை.)

எங்கட நாட்டிலயும் 2007 சுற்றுநிருபத்துக்குப் பிறகு அரச சேவைக்குப் புதுசாச் சேருற உத்தியோகத்தர் மற்ற அரசகரும மொழியையும் படிச்சுத் தேற வேணும். சனி, ஞாயிறு வகுப்புகளில ஒரு பக்கம் சிங்களம் படிக்கிற தமிழ் கிளாக்கர்மார், இன்னொரு பக்கம் 'ழ'வோட மல்லுக்கட்டுற சிங்கள உத்தியோகத்தர்மார். அந்த வகுப்பறையை ஆராவது தொடரா எடுத்தால், முதல் அத்தியாயத்திலயிருந்து பாக்க நாங்கள் ரெடி.