வெறிநாய்க்கடியும் தடுப்பூசியின் வரலாறும்

1970-களின் தொடக்கம்; நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலம். புதுச்சேரி நகரில் எங்கள் தெருவில் எனக்கு ஓர் உற்ற தோழன் இருந்தான். ஒருநாள் மாலை, பள்ளி விட்டு வரும் வழியில், தெருவோரம் கிடந்த நாய்க்குட்டி ஒன்றை அவன் எடுத்துக் கொஞ்சினான். அது அவன் விரலைக் கடித்துவிட்டது. சிறு காயந்தான். இரண்டு நாள் கழித்து அக்குட்டி இறந்து கிடந்ததை இருவரும் கண்டோம். "வீட்டில் சொல்லிவிடாதே, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்களாம்" என்று அவன் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். நானும் சொல்லவில்லை. இரண்டு திங்கள் சென்றபின் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. தண்ணீர்க் குவளையைப் பார்த்த அளவிலேயே தொண்டை இறுகி நடுங்கினான். சில நாட்களில் இறந்துபோனான்.

மாணவர்களே, அந்தப் பதினான்கு ஊசி எங்கிருந்து வந்தது, பின்னர் எவ்வாறு மறைந்தது என்பதே இன்று நான் கூறவிருக்கும் வரலாறு.

வெறிநோய் ஒரு வைரசால் உண்டாவது. வெறிகொண்ட விலங்கின் உமிழ்நீரில் இருக்கும் அக்கிருமி, கடிவாய் வழியே நுழைந்து, நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. அப்பயணத்துக்குப் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றிவிட்டால், அதன்பின் பிழைத்தவர் மிக மிக அரியர். ஆனால் கிருமி வழிநடந்து கொண்டிருக்கும் அந்த இடைக்காலம் மனிதனுக்குக் கிடைத்த வாய்ப்பு. அதனைப் பயன்படுத்திக் காட்டியவர் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர்.

1885 ஜூலை 6-ஆம் நாள், அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனை அவன் தாய் பாரிசுக்கு அழைத்து வந்தாள். இரண்டு நாட்களுக்கு முன் வெறிநாய் ஒன்று அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி வைத்தால், நாள் ஆக ஆகக் கிருமியின் வீரியம் குறைவதைப் பாஸ்டர் முன்பே கண்டறிந்திருந்தார். அவர் இரசாயன அறிஞரேயன்றி மருத்துவர் அல்லர். ஆதலின் மருத்துவர் ஒருவர் ஊசி போட, அவர் அருகிருந்து கவனித்தார். வீரியம் மிகக் குறைந்ததில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, 13 முறை மருந்து செலுத்தப்பட்டது. சிறுவன் பிழைத்தான்.

1888-இல் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பெற்றது. 1891-இல் ஆல்பர்ட் கால்மெட் என்பவர் சைகோன் நகரில் அத்தகைய நிலையம் ஒன்றை நிறுவினார். அந்நாளில் நம் புதுச்சேரித் தமிழர் பலர் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் வேலைக்கும் வாணிகத்துக்கும் சென்ற ஊர் அது. காசநோய்க்குக் குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியின் நடு எழுத்து இந்தக் கால்மெட்டின் பெயரைக் குறிப்பதே.

இந்தியாவில் 1900-இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் முதல் பாஸ்டர் நிலையம் தோன்றியது. அதன்பின்னும், தென்னாட்டில் நாய்கடி பட்டவர் சிகிச்சை பெற வடகோடி வரை செல்ல வேண்டியிருந்தது. 1907-இல் நீலகிரியிலுள்ள குன்னூரில் ஒரு நிலையம் திறக்கப்பட்ட பின்னரே அந்நிலை மாறியது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையின் ஒரு பகுதி அதற்கு உதவியது.

கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் 1911-இல் வேறொரு முறையைக் கண்டார். விலங்கின் மூளையில் கிருமியை வளர்த்து, அதனைப் பீனால் கொண்டு கொன்று மருந்தாக்கினார். செய்வதற்கு எளிது, விலையும் குறைவு. என் தோழன் அஞ்சிய வயிற்று ஊசி இதுவே. எண்ணற்ற உயிர்களை அது காத்தது உண்மை. ஆயினும் மூளைத் திசு கலந்திருந்தமையால் சிற்சிலருக்குப் பக்கவாதம் போன்ற கேடு விளைந்ததும் உண்மை. 2004-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா அதனை அறவே கைவிட்டது. இன்று உயிரணு வளர்ப்பில் செய்த தூய மருந்து, நான்கைந்து தவணைகளில் கையிலேயே போடப்படுகிறது. வயிற்றில் ஊசி என்னும் அச்சத்துக்கு இன்று இடமில்லை.

ஆனால் கடிபட்டவனைக் காப்பது பாதி வேலைதான். கடிக்கும் நாயையே காத்துவிட்டால் நோய்க்கு இருப்பிடமே இல்லை. 1921-இலேயே ஜப்பானியர் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுப் பார்த்தனர். 1950-இல் சட்டம் இயற்றி, நாய்களைப் பதிவு செய்து ஊசி போட்டதன் பயனாக, 1957-க்குப் பின் அந்நாட்டில் நாய்களிடையே வெறிநோய் இல்லாமற் போயிற்று. ஓர் ஊரின் நாய்களில் 100-க்கு 70-க்கேனும் ஊசி போட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பர் அறிஞர். மனிதர்க்கு வரும் வெறிநோயில் 100-க்கு 99 நாய் வழியே வருவது என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

நாய்க்கே உரிய நோய்களும் உள. 1905-இல் ஆன்றி கார்ரே என்னும் பிரெஞ்சுக்காரர் டிஸ்டெம்பர் நோய்க்கு வைரசே காரணம் என்று காட்டினார். பிரெஞ்சு மொழியில் அது இன்றும் கார்ரே நோய் எனப்படுகிறது. 1978-இல் பார்வோ என்னும் புதிய நோய் தோன்றி, மிகச் சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவிக் குட்டிகளை இரத்தக் கழிச்சலால் மாய்த்தது. இரண்டிற்கும் ஊசி உண்டு. தாய்ப்பாலால் பெற்ற காப்பு உடலில் இருக்குமளவும் ஊசியின் பயன் குன்றும். அக்காப்பு எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். ஆதலால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிச் சில வார இடைவெளியில் பலமுறை போடுகின்றனர். வெறிநோய் ஊசியை மூன்றாம் மாதத்தில் போட்டு, கால்நடை மருத்துவர் கூறும் காலத்தில் மீண்டும் போட வேண்டும்.

மாணவர்களே, நாயோ பூனையோ கடித்தால் உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வெறிநோய்க் கிருமிக்குக் கொழுப்பாலான உறை உண்டு. அதனைச் சோப்பு கரைத்துவிடும். சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ அப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கீறல் சிறியது என்றும், கடித்தது குட்டிதானே என்றும் இருந்துவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் தோழன் யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்டால், அச்சத்தியத்தை அன்றே மீறுங்கள். நான் மீறவில்லை. பின்னர் ஆசிரியனாகி, ஆண்டுதோறும் வகுப்பில் இக்கதையைச் சொல்லி வந்தேன். அவனுக்கு நான் செய்யத் தவறியதை வேறு பிள்ளைகளுக்கேனும் செய்ய வேண்டும் என்பதே என் எண்ணம்.